இரண்டு மான்செஸ்டர்கள், ஒரு புளிப்பு மழை

கோயமுத்தூர்க்காரரிடம் ஊர்ப் பெருமை கேட்டால், சிறுவாணித் தண்ணீருக்கு அடுத்தபடியாக 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பட்டம் வந்து விழும். பஞ்சாலைகளால் கிடைத்த பட்டம் அது. பட்டத்தைக் கடன் கொடுத்த அந்த இங்கிலாந்து மான்செஸ்டருக்கு இன்னொரு கதையும் உண்டு. மழை புளிக்கிறது என்று ஒரு வேதியியலாளர் அளந்து எழுதிவைத்தது அங்கேதான்.

இது நினைவுக்கு வரக் காரணம் ஏழாவது படிக்கும் அக்கா மகள். "மாமா, மழைல நனைஞ்சா முடி கொட்டிப்போகுமாங்? ஆசிட் மழைன்னு புஸ்தகத்துல போட்டிருக்குது" என்றாள். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மிச்சி, "முடி கொட்டறதெல்லாம் கெடக்கட்டும், மொத மழைத் தண்ணியப் புடிக்காத கண்ணு, வானத்து அழுக்கெல்லாம் அதுல வரும்" என்றார். ஆசிட் என்றதும் பயப்படுவது ஒன்று, முதல் மழையைத் தள்ளிவைப்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அமில மழையின் கதை முக்கால்வாசி வந்துவிடும்.

முதலில் புளிப்பைப் பார்ப்போம். புளி, எலுமிச்சை, மோர் என்று நாக்கில் புளிக்கிறதெல்லாம் அமிலம். இதற்கு எதிர்க்கட்சி காரம். மிளகாய்க் காரம் இல்லை. சவுக்காரத்தில் இருக்கிறதே, அந்தக் காரம். சுண்ணாம்பு, சாம்பல், சோப்பு எல்லாம் அந்தக் கட்சி. எது எவ்வளவு என்று அளக்க வைத்திருக்கும் கோல்தான் பிஎச். மண் பரிசோதனைக்குக் கொடுத்து அட்டை வாங்கிய விவசாயிகளுக்கு இந்த எழுத்து பழக்கமானது. பொதுவாக 0 முதல் 14 வரை எண்கள் உண்டு. 7 நடுநிலை. அதற்குக் கீழே போகப்போகப் புளிப்பு ஏறும், மேலே போகப்போகக் காரம் ஏறும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிஎச் ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறுகிறது. இரண்டு எண் இறங்கினால் நூறு மடங்கு. 5.6-க்கும் 4.6-க்கும் ஒன்றுதானே வித்தியாசம் என்று செய்தித்தாளில் படித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

அந்த 5.6 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆலையும் வண்டியும் இல்லாத ஒரு தீவில் பெய்யும் சுத்தமான மழைகூட லேசாகப் புளிப்புதான். காற்றில் இருக்கும் கரியமில வாயு மழைத்துளியில் கரைந்து, கோலி சோடாவில் இருக்கிற அதே கார்பானிக் அமிலமாக மாறுகிறது. சோடாவில் நிறைய, மழையில் துளியூண்டு. அதனால் சாதாரண மழையின் பிஎச் 5.6-ஐ ஒட்டி நிற்கும். அதற்கும் நன்றாகக் கீழே இறங்கினால் அமில மழை என்கிறார்கள். அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை பெரிதாக இருந்த பகுதிகளில் 4.2, 4.4 என்றெல்லாம் அளந்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட வீட்டுத் தயிரின் புளிப்பு அது. தயிரைத் தலையில் தேய்த்துத்தான் குளிக்கிறோம், முடியா கொட்டிப்போகிறது? அக்கா மகளுக்கு இந்தப் பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கொஞ்சம் பயங்கரமாக எதிர்பார்த்திருப்பாள் போல.

சரி, அந்தக் கூடுதல் புளிப்பு எங்கிருந்து வருகிறது?

முக்கியமாக இரண்டு வாயுக்கள். முதலாவது கந்தக டை ஆக்சைடு. தீக்குச்சியை உரசியதும் மூக்கில் சுருக்கென்று ஏறும் நெடி இருக்கிறதே, அதுதான். நிலக்கரி, உலை எண்ணெய், பழைய காலத்து டீசல் எல்லாவற்றிலும் கந்தகம் கலந்திருக்கும். எரித்தால் வாயுவாகி மேலே போகும். மேகத்தில் நீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து கந்தக அமிலமாகும். எரிமலையும் இதைக் கக்குகிறது. ஆனால் ஊர்ப்பக்கத்து மழையைப் புளிக்கவைத்தது பெரும்பாலும் மனிதன் மூட்டிய நெருப்பு.

இரண்டாவது நைட்ரஜன் ஆக்சைடுகள். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சேலத்தில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். கொலுசுக்குப் பேர்போன ஊர் அது. வெள்ளியைப் புடம்போட நைட்ரிக் அமிலத்தில், அவர்கள் பேச்சில் திராவகத்தில், கரைக்கும்போது செம்பழுப்பாகப் புகை கிளம்பும். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. அதே வாயு நம் லாரி, பஸ், ஜெனரேட்டர் புகையிலும் இருக்கிறது, நிறம் தெரியாத அளவுக்கு நீர்த்து. எரிபொருளில் நைட்ரஜன் இல்லாவிட்டாலும் இது உண்டாகும் என்பதுதான் வேடிக்கை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான், சும்மா கிடக்கும் வாயு. இன்ஜினுக்குள் சூடு எக்கச்சக்கமாக ஏறும்போது அது ஆக்சிஜனோடு கைகோத்துவிடுகிறது. மின்னல் வெட்டும்போதும் இதுவே நடக்கிறது. பட்டறையில் திராவகத்திலிருந்து புகை வந்தது. வானத்தில் புகையிலிருந்து திராவகம் வருகிறது. திசைதான் வேறு.

இந்த அமிலம் மழையாகத்தான் விழவேண்டும் என்பதில்லை. பனியாக, மூடுபனியாக, மழையே இல்லாமல் காய்ந்த துகளாகவும் வந்து படியும். மூடுபனியில் தண்ணீர் குறைவு என்பதால் அமிலம் செறிந்து நிற்கும். ஒரே அளவு புளியை ஒரு டம்ளரில் கரைப்பதற்கும் ஒரு குடத்தில் கரைப்பதற்கும் உள்ள வித்தியாசம். மலைக்காடுகள் சமவெளியைவிட அதிகம் அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது மான்செஸ்டருக்குப் போவோம். ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்த ஊரில் வேதியியலாளராக இருந்தார். ஊரைச் சுற்றிப் பஞ்சாலைகள், ஒவ்வொன்றிலும் நிலக்கரியில் ஓடும் நீராவி இன்ஜின். நகரத்துக்கு உள்ளே பெய்யும் மழைக்கும் வெளியே வயல்வெளியில் பெய்யும் மழைக்கும் வேறுபாடு இருப்பதை 1852-இல் அவர் எழுதினார். 1872-இல் காற்றையும் மழையையும் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டு, அதில் அமில மழை என்ற சொல்லையும் பயன்படுத்தினார். அப்புறம் ஏறக்குறைய நூறு வருஷம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

நம்மூர் மான்செஸ்டரின் கதை இங்கேதான் பிரிகிறது. கோவையில் முதல் பஞ்சாலை 1888-இல் வந்துவிட்டது. ஆனால் ஆலைகள் மளமளவென்று பெருகியது 1932-இல் நீலகிரியின் பைகாரா நீர்மின்சாரம் கீழே இறங்கி வந்த பிறகு. அருவியாக விழுந்த தண்ணீர் சுற்றிவிட்ட நூற்புக் கதிர்கள் அவை. பட்டம் ஒன்றாக இருந்தாலும் புகை ஒன்றாக இல்லை. ஊர்ப் பெருமையில் இதையும் சேர்த்துச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றும், யாரும் சொல்வதில்லை.

ஐரோப்பாவில் என்ன ஆனதென்றால், 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அதற்குப் பின் ஊருக்குள் புகை தங்கக் கூடாதென்று மின்நிலையங்களுக்கு உயரமான புகைபோக்கிகள் எழும்பின. ஊர்க் காற்று தெளிந்தது. புகை எங்கே போயிற்று? காற்று வீசிய பக்கம் போயிற்று. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் எரித்த கரியின் கந்தகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து சுவீடனிலும் நார்வேயிலும் மழையாக இறங்கியது. ஏரிகளில் மீன் குறைவதைப் பார்த்து, 1967-இல் சுவான்டே ஓடேன் என்ற சுவீடன் விஞ்ஞானி இதற்குக் காரணம் அயல்நாட்டுப் புகை என்று எழுதியபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் வீட்டுக் குப்பையைக் கூட்டிப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளுகிற கதைதான். துடைப்பத்துக்குப் பதில் புகைபோக்கி.

மீனுக்கு என்ன ஆகிறது? பிஎச் 5 அளவுக்கு இறங்கினாலே பெரும்பாலான மீன்களின் முட்டை பொரிவதில்லை. இன்னொரு அடி மண்ணிலிருந்து வருகிறது. எல்லா மண்ணிலும் அலுமினியம் இருக்கிறது, கல்லோடு கல்லாகப் பூட்டிக் கிடக்கிறது. புளிப்பு ஏறினால் பூட்டுத் திறந்துவிடும். கரைந்து வரும் அலுமினியம் ஓடைக்குப் போய் மீனின் செவுளை அடைக்கும். மண்ணிலேயே நின்றால் மரத்தின் வேரைச் சுடும். அதே நேரத்தில் மரத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் கரைந்து ஓடிவிடும். மரம் ஒரே நாளில் பட்டுப்போவதில்லை. சோர்ந்து நிற்கும்; அடுத்து ஒரு கடுங்குளிரோ பூச்சியோ வந்தால் தாங்காது.

பாடப்புத்தகம் இங்கே தாஜ்மகால் படத்தைப் போடும். சலவைக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அரிக்கும். நாமக்கல் முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பாருங்கள், குமிழ் விட்டுக் கரையும்; ஓடும் அதே பொருள்தான். தாஜைச் சுற்றி இருந்த ஆலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், இல்லையேல் இடம்பெயர வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் கல் மஞ்சளடித்திருப்பதற்குக் காற்றில் உள்ள கரித்துகளும் தூசியும் பெரிய காரணம் என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. பழியை முழுக்க மழைமேல் போட முடியாது.

நம் பக்கத்துக் கோயில்கள் சலவைக்கல்லில் கட்டியவை அல்ல. பேரூரிலும் அவிநாசியிலும் தூண்கள் கருங்கல். கருங்கல்லில் சுண்ணாம்பு இல்லாததால் அமிலத்துக்கு அது அசைந்து கொடுக்காது. ஆனால் கழுத்தை அண்ணாந்து கோபுரத்தைப் பாருங்கள். மேல்நிலைகளில் நிற்கும் பொம்மைகள் எல்லாம் சுதை. பழைய சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து. மழையில் புளிப்பு ஏறினால் முதலில் மூக்கும் விரலும் மழுங்கப்போவது அவர்களுக்குத்தான், கீழே நிற்கும் யாளிக்கு அல்ல.

சுக்கான்கல் தந்த காப்பு

அப்படியானால் கொங்கு நாட்டில் அமில மழை பெய்கிறதா? மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல்மின் நிலையம் நிலக்கரி எரிக்கிறது. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் லாரிகளும் போர்வெல் வண்டிகளும் லட்சக்கணக்கில் டீசல் குடிக்கின்றன. இவ்வளவு இருந்தும் இங்கே ஏரி மீன்கள் சுவீடன் மீன்களைப் போல மறைந்துபோகவில்லை. இதைப் புரிந்துகொள்ள ஆரத்தித் தட்டுப் போதும்.

ஈரோட்டு மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு போடுங்கள். ரத்தச் சிவப்பாகும். இப்போது எலுமிச்சையைப் பிழியுங்கள். சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சள். சுண்ணாம்பின் காரத்தை எலுமிச்சையின் அமிலம் தின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டால் திரும்பச் சிவக்கும். இரண்டில் எது மிஞ்சுகிறதோ அதன் நிறம். வானத்திலும் இதே கணக்குத்தான்.

நம் நிலத்தில் கிணறு வெட்டினால் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்பு இறுகிய கல், வராமல் இருப்பது அபூர்வம். மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சிமென்ட் ஆலை வந்ததே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். மண் பரிசோதனை அட்டையில் பிஎச் 8-ஐத் தாண்டி இருப்பது இங்கே சர்வ சாதாரணம். மழை குறைவான ஊர் என்பதால் சுண்ணாம்பு அடித்துச் செல்லப்படாமல் மேல்மண்ணிலேயே தங்கிவிட்டது. கோடையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தால் அந்த மண்தான் புழுதியாக எழும்பி நிற்கும். மேகத்தில் இருக்கும் அமிலத்தை அந்தப் புழுதி வழியிலேயே சமன்செய்துவிடும். இந்தியாவின் பல இடங்களில் மழை ஐரோப்பா அளவுக்குப் புளிக்காமல் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ராஜஸ்தானின் ஜோத்பூரில் தார் பாலைவனத் தூசி இந்த வேலையைச் செய்கிறது. அம்மிச்சி திட்டும் அந்த வானத்து அழுக்குத்தான் மழைக்குப் புளிப்பு முறிக்கிறது என்றால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சுவீடனுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே பாறை பெரும்பாலும் கருங்கல் இனம், மேலே மெல்லிய மண். அதனால் 1970-களிலிருந்து ஏரிகளில் சுண்ணாம்புக்கல் பொடியைப் படகிலும் ஹெலிகாப்டரிலும் கொண்டுபோய்க் கொட்டிவருகிறார்கள். நமக்குப் புழுதி இலவசமாகச் செய்ததை அவர்கள் காசு கொடுத்துச் செய்கிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகக் காலை நீட்டிவிட வேண்டாம். கொங்கு என்றால் சமவெளி மட்டுமா? வால்பாறைக்கு ஏறிப் பாருங்கள். கொட்டும் மழையில் சுண்ணாம்பெல்லாம் எப்போதோ கழுவிப்போன செம்மண் அது, இயல்பிலேயே புளிப்பு. தேயிலைக்கு அதுதான் பிடிக்கும், 4.5-இலிருந்து 5.5 வரை பிஎச் இருந்தால் செழிக்கும். அதற்கும் கீழே போய்விடாமல் இருக்கத் தோட்டங்களில் டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைக் கல்லின் பொடியைத் தூவுவார்கள். தோட்டத்துக்குத் தூவலாம். சோலைக்காட்டுக்கு யார் தூவுவது? காற்றில் அமிலம் ஏறினால் முதலில் தெரியப்போவது பல்லடத்தில் அல்ல, மேலே அந்த ஓடைகளில்தான்.

இந்திய வானிலைத் துறை நாட்டில் பத்து இடங்களில் பல பத்தாண்டுகளாக மழைநீரைப் பிடித்துச் சோதித்துவருகிறது. நமக்குப் பக்கத்தில் இருப்பது கொடைக்கானல். அந்தப் பதிவுகளில் பெரும்பாலான இடங்களில் பிஎச் மெல்ல மெல்ல இறங்குவது தெரிகிறது.

நாமக்கல் கோழிப்பண்ணைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போகும்போது மூக்கைப் பிடிக்க வைக்கும் அமோனியா, ஒரு காரம். காற்றில் இருக்கும்வரை அமிலத்தைக் குறைக்கும். மண்ணில் விழுந்ததும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளிவரும். வயலுக்குப் போடும் யூரியாவும் இதே வேலையைச் செய்யும். வரும்போது மாப்பிள்ளை, தங்கியபின் வேறு ஆள்.

திருப்பூர்ச் சாயத் தண்ணீரையும் நொய்யலையும் பலர் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு வழக்கு. அங்கே பெரிய தொல்லை உப்பு.

கிளம்பும் இடத்திலேயே பிடிப்பது

தடுப்பது எப்படி என்ற கேள்விக்குப் பதில், ஆரத்தித் தட்டை மேகத்திலிருந்து எடுத்துப் புகைபோக்கிக்குள் வைப்பதுதான். நிலக்கரிப் புகை வெளியேறும் முன் சுண்ணாம்புக்கல் கரைசலைத் தூறலாகத் தெளித்து அதன் ஊடே அனுப்புகிறார்கள். கந்தக டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகி அடியில் தங்கிவிடும். சிமென்ட் ஆலைக்காரர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். சுதைப் பொம்மைமேல் அமில மழை விழும்போது உண்டாவதும் ஜிப்சமேதான். பொம்மை முகத்தில் உண்டானால் பொருக்காக உதிரும், ஆலைக்குள் உண்டானால் மூட்டையாக விற்கும்.

அமெரிக்கா 1990-இல் சட்டத்தைத் திருத்தி, மின்நிலையங்கள் மொத்தமாக இவ்வளவு கந்தக டை ஆக்சைடுதான் விடலாம் என்று ஓர் உச்சவரம்பு வைத்தது. அதற்குள் குறைவாக விடுபவர் மிச்ச உரிமையை மற்றவருக்கு விற்கலாம். இன்று அங்கே மின்நிலையங்களிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. ஐரோப்பிய நாடுகள் 1979-இல் ஜெனீவாவிலும் 1985-இல் ஹெல்சிங்கியிலும் கூடி ஒப்பந்தம் போட்டன. சுற்றுச்சூழல் பிரச்சினைகளில் சொன்னபடி நடந்து பலன் தெரிந்தவை குறைவு. இது அந்தச் சிலவற்றில் ஒன்று. இருந்தும் மண்ணிலிருந்து போன கால்சியம் திரும்பிவரப் பல பத்தாண்டுகள் பிடிக்கிறது.

இந்தியாவில் 2015 டிசம்பரில் அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக வரம்பு விதித்தார்கள். இரண்டு வருஷத்தில் முடிக்க வேண்டியது, தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, சாம்பல்தான் அதிகம் என்பது விலக்குக்கு ஆதரவாகச் சொல்லும் வாதம். கந்தகம் குறைவு என்பது உண்மை. ஆனால் மழை புளிக்கவில்லை என்பதால் வாயு வரவில்லை என்று ஆகாது. கந்தக டை ஆக்சைடு காற்றிலேயே நுண்துகளாக மாறி நுரையீரலுக்குள் இறங்குகிறது. தூசி மழையைச் சமன்செய்யும், மூச்சைச் சமன்செய்யாது. என் கணக்கில் இந்த விலக்கு தவறான முடிவு.

வண்டிகளில் நிலைமை தேவலை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வண்டிப் புகைக் கட்டுப்பாடு வந்தபோது டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புது லாரி ஓட்டுநர்கள் "டீசலோட யூரியாவும் ஊத்தோணும்" என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த யூரியாக் கரைசல்தான் புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடை மறுபடி சாதுவான நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. செலவு மிச்சமென்று அதை ஏமாற்றிக் கழற்றிவிடும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். கோவைப் பவுண்டரிகளில், அதாவது இரும்பு வார்க்கும் பட்டறைகளில், கல்கரி போட்டு எரித்த கியூபோலா உலைகள் பல இடங்களில் மின்சார உலைகளாக மாறிவிட்டன. மின்சாரமும் கரியிலிருந்து வந்தால் புகை இடம்தான் மாறும். ஆனால் பல்லடம், உடுமலை, தாராபுரம் வழியாகப் போனால் ஆடிக் காற்றில் சுற்றும் காற்றாலைகளைப் பார்க்கலாம். பைகாராவின் பேரப்பிள்ளைகள்.

அக்கா மகள் மழையை அளந்தே ஆகவேண்டும் என்று நின்றாள். ஆய்வகப் பொருள் கடையில் பிஎச் தாள் வாங்கிவந்தோம். மொட்டைமாடிக் குழாயடியில் பிடித்த தண்ணீரில் தோய்த்தால் பச்சையாகி 8-ஐக் காட்டியது. அமில மழைக்குப் பதில் கார மழை! தப்பு என்னுடையது. சிமென்ட் தளத்தில் ஓடிவந்த தண்ணீரில் சிமென்ட்டின் சுண்ணாம்பு கரைந்திருக்கும். அடுத்த மழைக்கு மாடி நடுவில் ஸ்டூல் போட்டு, நன்றாகக் கழுவிய இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டோம். முதல் பத்து நிமிஷம் ஒன்று, அப்புறம் மற்றது. இரண்டிலும் தாள் 6-க்கும் 7-க்கும் நடுவில் எங்கேயோ நின்றது. மழைநீரில் கரைந்திருப்பவை மிகக் குறைவு என்பதால் தாளின் சொல்லை அப்படியே நம்ப முடியாது. நல்ல மீட்டர் வேண்டும்.

மறுநாள் காலையில் பார்த்தால் முதல் கிண்ணத்தின் அடியில் செம்மண் நிறத்தில் மெல்லிய படலம். இரண்டாவது தெளிவாக இருந்தது. அம்மிச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "நாஞ் சொல்லலையா" என்று முதல் கிண்ணத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.